சொந்த மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நாள் டூர்

கிறிஸ்துமஸ் முடிந்து வந்த சனிக்கிழமை எங்கள் குடும்பத்தில் 19 பேர் ஒரே வேனில், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே டூர் போனோம். எங்கே என்று கேட்டவர்களிடம் மயிலாடி, நாகர்கோவில், உதயகிரி, நெய்யூர், குளச்சல் என்று சொன்னால், "அதுக்கு எதுக்கு வேன், டவுன் பஸ்லேயே போலாமே" என்றார்கள். போகலாம்தான். நாங்களும் நாற்பது வருடமாக அந்த ஊர்கள் வழியாகப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறோம், ஒரு இடத்தில்கூட இறங்கி உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் காரணம் அண்ணன் மகள். கிறிஸ்துமஸ் அன்று அம்மா மேஜையில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பார், ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு லேஸ் பின்னியிருக்கும், பாட்டி கையால் போட்டது. வருடா வருடம் அதன்மேல் யாராவது கறியைச் சிந்துவோம், அம்மா திட்டுவார், துவைத்து மடித்து வைப்பார். இந்த வருடம் பெங்களூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "இதை பாட்டிக்கு யாரு சொல்லிக்குடுத்தா? அவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பெரியப்பாதான் சொன்னார், "வெள்ளக்காரன் காலத்துல தொடங்குனது மக்களே, இஞ்ச நாகர்கோயில்லதான். ஒரு நாளு எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்." பெரியப்பாவுக்கு 78 வயது. அந்த 'ஒரு நாளை' தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கே வேன் பேசிவிட்டோம்.

முதலில் மயிலாடி. காலை ஏழரைக்கே கல் கொத்தும் சத்தம் வந்துவிட்டது. மயிலாடி என்றால் எல்லாருக்கும் சிலைதான் நினைவுக்கு வரும், ரோட்டோரப் பட்டறைகளில் பாதி முகம் மட்டும் வெளியே வந்த சாமி சிலைகள் சாய்ந்து நிற்கும். இப்போது கல் அறுக்க மெஷின் வந்துவிட்டது, வெள்ளைப் புழுதி பறக்கிறது. ஆனாலும் கண்ணும் மூக்கும் உளியால்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைகளின் தொடக்கம் இந்த ஊர். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போய்விட்டு, தஞ்சாவூரில் இருந்த சொந்தக்காரர்களைப் பார்க்கப் போன இடத்தில் கிறிஸ்தவத்தைக் கேட்டு, வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். எங்கள் ஊருக்கும் ஒருவர் வர வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதால்தான் பிரஷ்யாவில் பிறந்த ரிங்கல்தௌபே 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அழைத்தது நம்மவர், வந்தது அவர். சண்டே ஸ்கூலில் இதைத் தலைகீழாகத்தான் நான் படித்தேன், அதாவது வெள்ளைக்காரர் தானாக நம்மைத் தேடி வந்தது போல. வேதமாணிக்கம் பெயரும் ஆலயத்தின் பெயரிலேயே இருப்பதைப் பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஆலயம் கட்டியது 1809-ல். இந்த வருடத்தைப் பெரியப்பா மூன்று தடவை சொன்னார், ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. அதே 1809 ஜனவரியில்தான் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், வேலுத்தம்பி கொல்லம் பக்கத்துக் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை விட்டார். வேலுத்தம்பியும் நம்ம தலக்குளத்துக்காரர். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்த ஆரல்வாய்மொழி மயிலாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் தளவாயாக இருந்தவரை மயிலாடியில் ஆலயம் கட்ட அனுமதி கிடைக்கவில்லை, அவர் வீழ்ந்த பிறகுதான் கிடைத்தது. அதே வருடம்தான், அங்கிருந்து அதிகத் தூரமில்லாத சாமித்தோப்பில், அய்யா வைகுண்டர் பிறந்தார். திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றும் ஒரே மூச்சில் சொன்னவர், தலை குனிந்து நிற்கச் சொல்லப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னவர்.

இந்த மூன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். வேலுத்தம்பி பள்ளிக்கூடப் பாடத்தில், ரிங்கல்தௌபே சர்ச்சில், வைகுண்டர் பக்கத்து வீட்டு அத்தை சொல்லி. மூன்றும் ஒரே வருடம், சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வட்டத்துக்குள் என்று மயிலாடியில் நின்றபோதுதான் முதல் முறையாகத் தெரிந்தது. ஒருவருக்கு அநியாயமாக வந்த படை இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிட்டது, அந்தக் கதவுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இதை நினைத்துக்கொண்டு நான் வேனில் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

நாகர்கோவிலில் மணிமேடை என்ற மணிக்கூண்டைச் சுற்றித்தான் வண்டி போனது. 1893-ல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தது, கடிகாரம் கொடுத்தவர் டதி என்ற மிஷனரி. டதி ஸ்கூல் என்று நாம் சொல்கிறோமே, அதே டதி. போலீஸ் நிறுத்த விடவில்லை, பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹோம் சர்ச்சில் நட்சத்திரங்களை இன்னும் இறக்கவில்லை. சார்லஸ் மீட் 1819-ல் தொடங்கிய கட்டடம். அன்றைக்கு ஒரு கல்யாணம் நடக்க இருந்தது, வாசலில் முல்லைச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், மைக் செட்காரர் "செக், செக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்து வரவேற்று எல்லாருக்கும் ஜூஸ் கொடுத்துவிட்டார். சுவர் அவ்வளவு தடிமன், உள்ளே நுழைந்ததும் வெயில் காணாமல் போகிறது. எனக்கு இதுதான் பிடித்தது. கயிறு கட்டி, கையால் தொடாதே என்று போர்டு வைத்த இடமாக இல்லாமல், 200 வருடமாகக் கல்யாணமும் ஞானஸ்நானமும் அடக்க ஆராதனையும் நடந்துகொண்டே இருக்கிற இடம்.

அங்கிருந்து லேஸ் போடும் ஒரு அம்மா வீட்டுக்குப் போனோம். பெரியப்பாவுக்குத் தெரிந்தவர், பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 19 பேர் உள்ளே போக இடமில்லை, அதனால் ஆறு ஆறு பேராகப் போனோம், மீதிப் பேர் திண்ணையில்.

மடியில் உருண்டையாக, கல் மாதிரி கெட்டியாக ஒரு தலையணை. அதன்மேல் ஊசியால் துளை போட்ட ஒரு அட்டை, அந்தத் துளைகள்தான் டிசைன். துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் 24, தலையணையின் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. இரண்டிரண்டு ஜோடியாக எடுக்கிறார், குறுக்கே மாற்றுகிறார், முறுக்குகிறார், ஒரு ஊசியைக் குத்தி நிறுத்துகிறார், அடுத்த ஜோடிக்குப் போகிறார். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது, நெல் அளக்கும்போது மரக்கால் விளிம்பில் தட்டுவார்களே, அந்த மாதிரி மெல்லிய சத்தம். எங்களோடு பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி நான்கு ஊசிகளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கட்ட சத்தம் மாறிப் போச்சு, அப்பவே எங்கயோ தப்பு விழுந்துட்டுன்னு அர்த்தம்" என்றார். கண்ணை அவர் அந்தப் பக்கமே வைக்கவில்லை.

நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் அவர் போட்டது என் சுண்டு விரல் நகம் அளவு. அம்மாவின் மேஜைத் துணியைச் சுற்றி வரும் நீளத்தை நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் துணியில் கறி சிந்திய ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்துவிட்டது.

இந்தக் கலையை இங்கே தொடங்கியவர் மார்த்தா மால்ட். சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி, 1819 கடைசியில் நாகர்கோவில் வந்தவர். 1821 வாக்கில் தன் பெண்கள் பள்ளியில் லேஸ் போடச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களில் பலர் அடிமைக் குடும்பத்தினர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்ததே 1855-ல்தான். பெண்கள் லேஸ் போட்டுச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். இதைப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது அண்ணன் மகள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டாள். மால்ட் தம்பதியின் மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். எலைசா வழியாக லேஸ் இடையன்குடிக்கும் போனது.

இன்னொன்றையும் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அந்தப் பெண்கள் லேஸ் போட்ட அதே வருடங்களில், நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன்னால் மாரை மறைக்கக் கூடாது. பள்ளிக்குப் போன பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், அதை நடு ரோட்டில் கிழித்தார்கள். 1822-ல் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் விட்டு விட்டு 1859 வரை நடந்தது. வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல்தான் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தார், அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மிஷனரிகள் பக்கபலமாக நின்றார்கள், சென்னை கவர்னர் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்தார், எல்லாம் சரி. ஆனால் கிழித்த மறு வாரமும் இன்னொரு குப்பாயம் தைத்துப் போட்டுக்கொண்டு அதே சந்தைக்குப் போனது நம் பெண்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஊசியும் நூலும் இந்த ஊரில் சும்மா பொழுதுபோக்குக்கு வந்ததில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தக்கலையில் மதியச் சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, மரச்சீனி, சாளைக் கறி. அத்தானுக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போக ஆசை, ஆனால் அதற்கே அரை நாள் வேண்டும், தவிர அது எல்லாரும் பலமுறை பார்த்தது. நம் மாவட்டத்துக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் அந்த அரண்மனையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உதயகிரிக் கோட்டை அதற்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில். கிட்டத்தட்ட 90 ஏக்கர், நடுவில் குன்று, சுற்றிலும் கருங்கல் மதில். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயம், அதற்குள் டிலனாயின் கல்லறை.

குளச்சல் போர் 1741-ல் நடந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் லந்தக்காரரை, மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர்தான் யூஸ்டேஷியஸ் டிலனாய். ராஜா அவரைத் தண்டிக்காமல் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். அவரும் கொடுத்தார், பெரிய தளபதியாகி வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார், இந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார், வட்டக்கோட்டையைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டினார். 1777 ஜூன் 1-ல் 62-ம் வயதில் இங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் ராஜாவுக்கு உண்மையாக உழைத்தார் என்று லத்தீன் வாசகம் சொல்கிறது. தமிழ் எழுத்தைப் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கல்லில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். புள்ளி வைக்காத பழைய எழுத்து. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து கூட்டினார்கள், அது சரியா தப்பா என்று சண்டை வேறு. பக்கத்தில் அவர் மனைவியும் மகனும் கிடக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடமும் அதுதான். சுவரில் யார் யாரோ ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள், இதயம் வரைந்து அம்பு விட்டு. 37 வருடம் உழைத்தவனின் தலைமாட்டில் செய்கிற வேலையா இது? தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்கிறவர்களைப் பார்த்தால் வாய் திறந்து சொல்லுங்கள்.

மைனிக்கு வீடு கோட்டாறு. அவர் எங்களை முட்டிடிச்சான் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனார், கோட்டைக்குப் பக்கம்தான். அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை, டிலனாயோடு பழகி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பிறகு சித்திரவதை, ஊர் ஊராக இழுத்துச் செல்லல், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தது எல்லாருக்கும் தெரியும். தாகத்தில் கைமுட்டியால் பாறையில் இடித்தபோது தண்ணீர் வந்தது என்று சொல்லும் இடம் இது. மைனி ஒரு பாட்டிலில் வெள்ளம் பிடித்து, அவர் கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த சபை ஆட்கள் என்றெல்லாம் பார்க்காமல், எல்லார் கையிலும் ஒரு மடக்கு ஊற்றினார். குடித்தோம்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் கூட்டமாகப் போகவில்லை. அது 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கியது, ஆனால் இன்றைக்கும் நோயாளிகள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி, வேடிக்கை பார்க்கும் இடமில்லை. வெளியே ஒரு மர நிழலில் நின்றோம். பெரியப்பா சாமர்வெல் டாக்டரைப் பற்றிச் சொன்னார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர் அவர். இறங்கியபிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவரும் முடிவில்லாத நோயாளி வரிசையும் இருப்பதைப் பார்த்து, லண்டன் வேலை வேண்டாம் என்று இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போனார், கிட்டத்தட்ட 28,000 அடி வரை ஏறினார். உச்சிக்குப் போகும் வழியில் காணாமல் போன மல்லோரியிடம் இருந்தது இவர் கொடுத்த கேமராதான். அப்புறம் நெய்யூரில் இருபது வருடத்துக்கு மேல். வயிற்றுப் புண் ஆபரேஷன்தான் அவர் கையில் அதிகம், நம் ஜனங்களுக்கு அந்த வியாதி அவ்வளவு இருந்தது.

"எங்க அப்பாவுக்கும் அவர்தான் வயித்த கீறுனாரு" என்று பெரியப்பா தன் சட்டைக்கு மேலே, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "தழும்பு இவ்வளவு நீளம். சின்னப் பிள்ளையில நான் அதத் தடவிட்டுதான் தூங்குவேன்." தாத்தா வயிற்றில் கத்தி வைத்த கை எவரெஸ்ட் பனியைப் பிடித்த கை என்று எனக்கு இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

குளச்சலுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வெற்றித்தூண் அருகே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பனந்தடிகளை வண்டியில் ஏற்றி பீரங்கி போலக் காட்டி லந்தக்காரனைப் பயமுறுத்தினோம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு, அத்தான் அதை நடித்தே காட்டினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். நாகர்கோவில் என்றதும், "இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு இப்பந்தான் வாறீங்களா" என்றார். ஆமாம் என்றோம்.

திரும்பும்போது வேனில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அண்ணன் மகள் மட்டும் லேஸ் அம்மாவுக்குப் போன் போட்டு, லீவு முடியும்வரை தினமும் காலையில் வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வரலாம், ஆனால் தலையணை சொந்தமாகக் கொண்டுவர வேண்டும் என்றாராம். பஞ்சு அடைத்தால் ஊசி நிற்காது, மரத்தூள் அடைத்துக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, அறுப்பு மில் பூட்டியிருந்தது. திங்கள் காலை அண்ணன் ஒரு சாக்கோடு போய் நின்றார், தேக்குத் தூள் வேண்டாம், துணியில் கறை படும், மாமரத்தூள் எடுத்துட்டுப் போங்க என்று மில்காரர் அள்ளிக் கொடுத்தார். அம்மா பழைய சேலையை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறார்.